நாலு பட்டை கேப்டனா, லிஸ்ட்ல கடைசி ஃபர்ஸ்ட் ஆபீசரா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை அமெரிக்காவுல விமானம் ஓட்டுற, ஓட்டப்போற நம்ம ஆளுங்க கேள்விகளை மட்டும் எடுத்திருக்கேன். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மாதிரி பெரிய கம்பெனிங்களை அங்க மேஜர்னு சொல்லுவாங்க. அவங்க பேரையும் கலரையும் போட்டுக்கிட்டு சின்ன ஜெட்ல சின்ன ஊருங்களுக்கு ஓட்டுறது ரீஜனல், ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் எல்லாம் அந்த வகை.

கேள்வி: சார், எனக்கு வயசு 34. ஒரு ரீஜனல்ல எம்ப்ரேயர் 175 கேப்டன். பேஸ் (டியூட்டி ஆரம்பிக்கற ஊர்) ஹூஸ்டன், வீடும் ஹூஸ்டன், வீக்கெண்ட் பெரும்பாலும் லீவு கிடைக்குது. இப்ப ஒரு மேஜர்ல இருந்து கிளாஸ் டேட், அதாவது வேலைக்குச் சேர்ந்து ட்ரெயினிங் ஆரம்பிக்கற தேதி, வந்திருக்கு. போனா மறுபடி ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்), ரிசர்வ் (கூப்பிட்டா வரணும்னு காத்திருக்கற டியூட்டி), பேஸ் நியூவார்க், முதல் வருஷ சம்பளமும் குறையும். ரெண்டாவது குழந்தை பிறந்து நாலு மாசம்தான் ஆகுது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டா என்னன்னு மனைவி கேக்குறாங்க. அந்த மேஜருக்கு ஹூஸ்டன்லயும் பேஸ் இருக்கு. – ஹூஸ்டன் வாசகர்

பதில்: போங்க தம்பி. இந்த கிளாஸ்லயே போங்க.

உங்க மனைவி கேக்குறது நியாயம்தான், கைக்குழந்தையோட ஒரு ஆள் தனியா வீட்டைப் பாத்துக்கறது எவ்ளோ கஷ்டம்னு தெரியாம நான் சொல்லல. ஆனா ஏர்லைன்ல உங்க திறமை, அனுபவம், தோள்ல இருக்குற நாலு பட்டை எதுவும் அடுத்த கம்பெனிக்கு உங்ககூட வராது, லாக்புக்ல இருக்குற மணிநேரம் மட்டும்தான் வரும், அங்க நீங்க சேர்ந்த தேதியில ஒரு சீனியாரிட்டி நம்பர் குடுப்பாங்க, எந்த பேஸ், எந்த விமானம், எந்த வாரம் லீவு, தீபாவளிக்கு வீட்டுல இருப்பீங்களா இல்ல எங்கயோ ஹோட்டல்ல இருப்பீங்களா, எப்ப கேப்டன், எல்லாமே அந்த நம்பர்தான் முடிவு பண்ணும். அந்த மேஜர் மாசம் 100 பேர் எடுக்குதுன்னு வச்சுக்குங்க, ஒரு வருஷம் தள்ளிப்போட்டா 1,200 பேர் உங்களுக்கு முன்னாடி போயிடுவாங்க, அவங்கள்ல உங்களைவிட வயசு கம்மியானவங்க நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் முன்னாடியேதான் இருப்பாங்க. அமெரிக்காவுல ஏர்லைன் பைலட்டுக்கு ரிட்டயர்மென்ட் 65, உங்களுக்கு இன்னும் 31 வருஷம் இருக்கு. அத்தனை வருஷமும் லீவுக்கு பிட் போடும்போது, அதாவது சீனியாரிட்டி வரிசையில விருப்பம் கேக்கும்போது, முன்னாடி இருக்குறவங்க எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு.

பணக் கணக்கையும் போட்டுடுவோம். 2022-ல அமெரிக்கனோட சொந்த ரீஜனல்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூணும் சம்பளத்தை ஏத்தினப்ப ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆரம்பமே மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு 146 டாலர்னு வந்துச்சு. மாசம் 75 மணிநேரம்னு எடுத்தா கேப்டனுக்கு 10,950 டாலர். மேஜர்ல முதல் வருஷம் மணிக்கு 110 டாலர்னு வச்சுக்குவோம், 8,250 வரும். ஆக மாசம் 2,700 டாலர் துண்டு விழும், வருஷத்துக்கு 32,400. சின்ன தொகை இல்ல, அதை இப்பவே சேமிப்புல தனியா எடுத்து வச்சுட்டுப் போங்க. ஆனா ரெண்டாம் வருஷமே சம்பளம் நல்லா ஏறும், அப்புறம் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூணுலயும் நீங்க ஒரு டாலர் போடலன்னாகூட சம்பளத்துல 16 சதவீதமோ அதுக்கு மேலயோ கம்பெனியே ரிட்டயர்மென்ட் கணக்குல போடுது. பெரிய விமானத்துல சீனியர் கேப்டனுக்கு மணிக்கு 400 டாலருக்கு மேல. ரீஜனல்ல நீங்க எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த உயரத்தைப் பாக்க முடியாது, ஏன்னா மேஜர் பைலட் யூனியன் போட்ட ஒப்பந்தப்படி ரீஜனல் ஜெட்ல 76 சீட்டுக்கு மேல வைக்கக் கூடாது, அந்த 76 பேர் டிக்கெட்டுக்குள்ளதான் உங்க சம்பளமும் வரணும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல விரும்பாத விஷயம். இப்ப இருக்குற இடம் பத்திரம்னு நினைக்காதீங்க. காம்ஏர் டெல்டாவோட சொந்த கம்பெனி, அதையே 2012 செப்டம்பர்ல மூடினாங்க. 2020 ஏப்ரல்ல காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் ரெண்டும் போச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல எக்ஸ்பிரஸ்ஜெட் பறக்கறதை நிறுத்திச்சு. ரீஜனல் தன் சொந்த ரூட்ல டிக்கெட் விக்கறது இல்ல, மேஜர் குடுக்குற ஒப்பந்தத்துல ஓடுது, அந்த ஒப்பந்தம் கைமாறினா மறுநாளே நிலைமை மாறிடும். அங்க இருபது வருஷ சீனியர் கேப்டனா இருந்தவங்களும் அடுத்த கம்பெனியில கடைசி நம்பர்லதான் சேர்ந்தாங்க. மேஜர்லயும் ஃபர்லோ, அதாவது தற்காலிக ஆள்குறைப்பு, வரும், கடைசியா சேர்ந்தவங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க, 2001-க்கு அப்புறம் அப்படி வருஷக்கணக்கா வெளிய நின்னவங்க நிறைய பேர். ஆனா ஃபர்லோல போனவங்களுக்கு நம்பர் அப்படியே இருக்கும், ஆள் எடுக்கும்போது அவங்களைத்தான் முதல்ல கூப்பிடணும். இதுக்கும் தள்ளிப்போடாம இருக்கறதுதான் மருந்து, உங்களுக்குக் கீழ எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேர் உங்களுக்கு அரண்.

நியூவார்க் நிரந்தரம் இல்ல, ஹூஸ்டன் பேஸுக்கு மாத்தல் கேட்டு ட்ரெயினிங் முடிஞ்ச உடனே விண்ணப்பம் போட்டு வைங்க. அது வர்ற வரைக்கும் மனைவிக்கு உதவியா பாட்டியோ அத்தையோ யாராவது வந்து இருக்க முடியுமான்னு பாருங்க. லீவு எடுத்துட்டுப் போறதா, ராஜினாமா பண்ணிட்டுப் போறதான்னு உங்க ரீஜனல் கான்ட்ராக்டைப் படிச்சு முடிவு பண்ணுங்க.

கேள்வி: என் பையன் ட்ரெயினரா வேலை பாத்து 1,500 மணிநேரம் முடிச்சுட்டான். ரெண்டு ரீஜனல் கூப்பிடுது. ஒண்ணுல பெரிய போனஸ், ஆனா பேஸ் ரொம்ப தூரம், ரெண்டு வருஷம் இருக்கணும்னு கையெழுத்து. இன்னொண்ணுல போனஸ் கம்மி, ஆனா பேஸ் ஃபிலடெல்ஃபியா, வீட்டுல இருந்து ஒரு மணிநேரம். எது நல்லதுங்க? ஏன் 1,500 மணிநேரம்னு இவ்ளோ இழுத்தடிக்கிறாங்க? – நியூஜெர்சி வாசகி

பதில்: ஃபிலடெல்ஃபியாங்க அம்மா. யோசிக்கவே வேண்டாம்.

பேஸ் தூரமா இருந்தா பையன் வேலைக்குப் போறதுக்கே இன்னொரு விமானம் பிடிக்கணும், இதை கம்யூட்னு சொல்லுவாங்க. காலையில ஆறு மணிக்கு டியூட்டின்னா முந்தின நாள் சாயங்காலமே கிளம்பணும், கேட்ல போய் நின்னு காலி சீட் இருக்கா, இல்லன்னா காக்பிட்ல கூடுதலா இருக்குற ஜம்ப்சீட்டாவது கிடைக்குமான்னு கேக்கணும், அங்க ஏற்கனவே மூணு பைலட் அதே ஜம்ப்சீட்டுக்கு நிப்பாங்க, கிடைக்கலன்னா அடுத்த விமானம், அதுவும் இல்லன்னா அதுக்கும் அடுத்தது. போய்ச் சேர்ந்ததும் பத்துப் பேர் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்த க்ராஷ்பேட்ல ஒரு பங்க் பெட், மேல் பெட்ல ஒருத்தருக்கு மூணு மணிக்கே அலாரம் அடிக்கும். இந்த நேரத்துக்கு எல்லாம் சம்பளம் கிடையாது. ரிசர்வ்ல இருந்தா இன்னும் மோசம், கூப்பிட்டா ரெண்டு மணிநேரத்துக்குள்ள வந்து நிக்கணும்னு வச்சா பையன் அந்த ஊர்லயே உக்காந்திருக்கணும், வேலை வராத நாள்லயும். வீட்டுல இருந்து கார்ல போறவன் அதே ரிசர்வை தன் சொந்தக் கட்டில்ல தூங்கிக் கழிச்சுடுவான்.

போனஸ் கான்ட்ராக்டை வரி வரியா படிக்கச் சொல்லுங்க. நடுவுல மேஜர்ல இருந்து கூப்பிட்டு இவன் கிளம்பினா முழுப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்களா, இல்ல இருந்த மாசத்துக்குக் கழிச்சுக்குவாங்களா? வரி பிடிச்ச பிறகு கைக்கு வந்த தொகையைவிட அதிகமா திருப்பிக் கேக்குற கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடவே கூடாது. ரெண்டாவது, புதுசா சேர்ந்தவங்க ரிசர்வ்ல எத்தனை மாசம் இருக்காங்க, வருஷத்துக்கு எத்தனை மணிநேரம் பறக்குறாங்கன்னு அங்க இப்ப வேலை பாக்குறவங்ககிட்டயே கேளுங்க, ஏன்னா கேப்டன் ஆகணும்னா பொதுவா ஏர்லைன்லயே 1,000 மணிநேரம் பறந்திருக்கணும், வெறுமனே வருஷம் ஓடினா பத்தாது. இன்டர்வியூ இல்லாமலே வரிசைப்படி மேஜருக்கு அனுப்புற ஃப்ளோன்னு ஒரு ஏற்பாடு சில ரீஜனல்ல இருக்கு. அது நல்லதுதான், ஆனா ஆள் எடுப்பு நின்னா அந்த வரிசையும் நின்னுடும், அதனால அதை மட்டும் நம்பி மத்த மேஜர்களுக்கு அப்ளிகேஷன் போடாம இருக்கக் கூடாது.

1,500 பத்திக் கேட்டீங்க. 2009 பிப்ரவரியில கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ பக்கத்துல விழுந்து 50 பேர் செத்தாங்க. அந்தக் குடும்பங்கள் விடாம போராடினதாலதான் 2010-ல சட்டம், 2013-ல ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1,500 மணிநேரம்னு விதி வந்துச்சு. அங்கீகாரம் உள்ள ஏவியேஷன் டிகிரி முடிச்சவங்களுக்கு 1,000, ராணுவ பைலட்டுக்கு 750. அந்தக் குடும்பங்களை நினைச்சுப் பாத்தா இழுத்தடிப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கேள்வி: ரீஜனல் விமானத்துல ஏறினா கத்துக்குட்டி பைலட்தான் ஓட்டுவாங்களாமே, உண்மையா? – சிகாகோ வாசகர்

பதில்: இல்லங்க. லைசென்ஸ், மெடிக்கல், ஓய்வு விதி எல்லாம் மேஜருக்கு இருக்குற அதேதான். ரீஜனல் பைலட் ஒரே நாள்ல நாலு அஞ்சு தடவை இறக்குவாரு, பெரும்பாலும் சின்ன ஏர்போர்ட்ல, பனியிலயும் காத்துலயும். கடல் தாண்டி ஓட்டுறவங்களுக்கு மாசத்துல அத்தனை லேண்டிங் கிடைக்கறதே கஷ்டம்.

கேள்வி: ஐடி வேலையில இருந்துக்கிட்டே பறக்கக் கத்துக்கிட்டேன். 49 வயசு, 1,500 மணிநேரம் நெருங்குது, கிரீன் கார்டு இருக்கு. நானும் மேஜரைத்தான் குறி வைக்கணுமா? – சியாட்டில் வாசகர்

பதில்: உங்களுக்கு என் பதில் வேற. முதல் கேள்வியில தம்பிக்கு சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. 50-ல ரீஜனல்ல சேர்ந்து, நாலஞ்சு வருஷம் கழிச்சு மேஜர்ல இடம் கிடைச்சா கையில மிச்சம் பத்து வருஷம் சொச்சம். ரிட்டயர்மென்ட் வயசை 67 ஆக்கணும்னு பேச்சு இருந்துச்சு, 2024 சட்டத்துல அது வரல, அதனால 65-ன்னே கணக்கு போடுங்க. அந்தப் பத்து வருஷத்துல பெரிய விமான கேப்டன் ஆகறது சிரமம், ரிசர்வ்லயும் கம்யூட்லயும் பாதி போயிடும். வீட்டுக்குப் பக்கத்துல பேஸ் இருக்குற ரீஜனலா பாத்துச் சேர்ந்து, அங்கயே கேப்டன் ஆகி, நல்ல லைன் (மாசத்துக்கு முன்கூட்டியே தெரியுற டியூட்டி அட்டவணை) எடுத்து ஓட்டுறது உங்க வயசுக்கு மரியாதையான வாழ்க்கை, அதை தோல்வின்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. சேர்ந்த சீக்கிரத்துலயே மேஜர்ல இருந்து அழைப்பு வந்து, அவங்க பேஸும் உங்க ஊர்லயே இருந்தா மட்டும் யோசிங்க. 40 தாண்டினதால முதல் வகுப்பு மெடிக்கல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாஸ் பண்ணணும், ஐடி வேலையை விடறதுக்கு முன்னாடி அந்த மெடிக்கலை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, பிரஷர், சுகர், ஈசிஜி எல்லாம் சரியா இருந்தா அப்புறம் ராஜினாமா லெட்டர் எழுதலாம்.