மழை வரும்போல் இருக்கும் மதியத்தில் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், ஓட்டலாமா? எப்படி இருக்கும்?

ஓட்டலாம். வானம் கொஞ்சம் கலங்கியிருந்தால்தான் கிளைடருக்குக் கொண்டாட்டமே. அசையாத காற்றில் நல்ல கிளைடர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும். ஆனால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சூடான தரையிலிருந்து கிளம்பும் காற்று, அதாவது தெர்மல், அகப்பட்டால் ஏறலாம்.

போன மாதம் அப்படி ஒரு நாள். இழுவை விமானம் 600 மீட்டரில் விட்டது. டக்கென்று கயிறு கழன்றதும் காற்றின் இரைச்சல் மட்டும். முதல் அரைமணி நேரம் படுத்தி எடுத்துவிட்டது. மேக நிழல் விழுந்த இடத்தில் தெர்மலே இல்லை. ஒன்று கிடைத்து வட்டமடித்தால் நாலாவது சுற்றில் காணாமல் போகும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சத்தத்தால் சொல்லும் வேரியோமீட்டர் முனகத் தொடங்கும். 400 மீட்டரில், இறங்கத் தோதான ஒரு வயலைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அப்போது இடது சிறகு லேசாகத் தூக்கியது. தூக்கிய பக்கமே திருப்பினேன். அங்கே ஒரு பருந்து எனக்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. வேரியோமீட்டரைவிட எனக்குப் பருந்துமேல்தான் நம்பிக்கை.

1,400 மீட்டரில் நிலைமை தலைகீழ். வட்டமடிக்கவே வேண்டாம், நேராகப் போனாலும் நொடிக்கு 4 மீட்டர் ஏறுகிறது. குலுக்கலே இல்லை, வெண்ணெய் மாதிரி. புதிதாக ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தலைக்குமேல் மேகத்தின் அடி கருத்து, அகலமாகப் பரவியிருந்தது. நீராவி மேகமாகும்போது விடும் வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே இழுக்கும். உள்ளே போய்விட்டால் அடிவானம் தெரியாது. சாய்ந்திருக்கிறோமா, நேராக இருக்கிறோமா என்று உடம்புக்கே புரியாது. மூக்கைத் தாழ்த்தினேன், வேகம்தான் கூடியது, உயரம் குறையவில்லை. சீக்கிரம் கீழிறங்க உதவும் சிறகுத் தடுப்பான ஏர்பிரேக்கைத் திறந்துகொண்டு, வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினேன். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த உயரத்தைக் கொட்டுவது, கஞ்சன் செலவு செய்வது மாதிரி!

மழைத்திரை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. ஆனால் பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல. அதோடு குளிர்ந்து விழும் காற்று தரையில் பரவி, மழைக்கு முன்னால் ஓடி வரும், அதற்குத்தான். எதிர்காற்றில் ஒழுங்காக இறங்கி, சிறகைத் தரையோடு கட்டிக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மண்வாசனையோடு ஒரு குளிர்காற்று. காற்று வரும் திசையைக் காட்ட காக்பிட் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் கம்பளி நூல், அதுவரை வாலைப் பார்த்துக் கிடந்தது, அப்படியே திரும்பி மூக்கைப் பார்த்து விறைத்து நின்றது.