‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

ஓடுதல் என்று படித்த ‘ரன்’, மூக்கு ஒழுகுவதற்கும் நிறுவனத்தை நடத்துவதற்கும் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்ந்து செல்லுதல் என்ற கருத்தே இவற்றை இணைக்கிறது: ஆள் ஓடுவதைப் போலவே ஆறும் ஓடுகிறது, இயந்திரமும் ஓடுகிறது, நாடகமும் பல வாரம் ஓடுகிறது, இதுவரை தமிழும் உடன் வருகிறது. துணியின் சாயம் கலைந்து பரவுவதையும் தேர்தலில் போட்டியிடுவதையும் அதே சொல்லால் குறிக்கும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். (தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ஓடுகிறார்’, பிரிட்டன் வழக்கிலோ, நம்மவரைப் போல, ‘நிற்கிறார்’.) ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்பதற்கே மிக நீண்ட பதிவு இருந்தது, பின்னர் நடந்த திருத்தத்தில், ‘ரன்’ என்னும் வினைச்சொல் 600-க்கும் மேற்பட்ட பொருள்களுடன் அதனை முந்திவிட்டது. இவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை. எழுவாயாக மூக்கு வந்தால் ஒழுகுதல், செயப்படுபொருளாக நிறுவனம் வந்தால் நடத்துதல் என்று உடன் வரும் சொல்லைக் கொண்டே பொருளைத் தெளிந்துகொள்ளலாம்.