சீரியல் பார்த்து மேனேஜரை எடை போடாதே

தங்கச்சி, நியூயார்க் குயின்ஸுக்கு வந்து இறங்கினதும் மூணு கேள்வி கேட்டிருக்கே: வாடகை, குளிர்கோட்டு, அப்புறம் "மேனேஜர் யூத அம்மா, டிவியில வர்ற மாதிரி கத்துவாங்களா, கஞ்சமா இருப்பாங்களா?"ன்னு. கோட்டு நவம்பர் கடைசித் தள்ளுபடியில கிடைக்கும். மூணாவதைத்தான் பேசணும்.

நான் வந்த புதுசுல 'தி நேனி'ங்கிற டிவி சீரியல் ஓடிட்டிருந்தது (1993–1999). இதே குயின்ஸ்ல இருக்கிற ஃப்ளஷிங்ல பிறந்து, மூக்கால பேசி, பளபளன்னு உடுத்திட்டுத் திரியிற பொண்ணா ஃப்ரான் டிரெஷர். அவ அம்மாவுக்கு ரெண்டே கவலை, சாப்பாடும் மகளோட கல்யாணமும். அதே ஃப்ளஷிங்லதான் நம்ம பௌன் தெருப் பிள்ளையார் கோயில். ஞாயித்துக்கிழமை கேன்டீன் வரிசையில நம்ம அம்மாக்கள் வேற என்னத்தப் பேசுறாங்களாம்?

இந்த வேஷம் ஆதியிலேர்ந்து இப்படி இல்லை. 1929ல கெர்ட்ரூட் பெர்க் தானே எழுதி ரேடியோவுல நடிச்ச மாலி கோல்ட்பெர்க்கும் நியூயார்க்கோட பிராங்க்ஸ் பகுதி யூத அம்மாதான். நாடே அவளைக் கொண்டாடுச்சு. போருக்கப்புறம் குடும்பங்க புறநகருக்குப் போய் நாலு காசு பார்த்ததும் வீட்டுப் பையன்களே எழுத்தாளனாகி, அம்மாவை நச்சரிப்பாவும் பொண்ணை அப்பா காசுல மினுக்குற 'இளவரசி'யாவும் ஆக்கிட்டாங்க. பிலிப் ராத் 1959லயும் 1969லயும் போட்ட ரெண்டு புத்தகத்தைப் புரட்டு, ரெண்டு பேரும் கிடைப்பாங்க. வீட்டுப்பிள்ளையே சொன்னதால ஊரும் கூச்சமில்லாம சிரிச்சுது.

அப்பா காசாம்! 1909ல நியூயார்க் சட்டைத் தையல்காரிகளை வேலைநிறுத்தத்துக்குக் கிளப்பிவிட்டது கிளாரா லெம்லிச்ங்கிற யூதப் பொண்ணு. 1911ல அதே ஊர்ல டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில செத்த 146 பேர்ல பெரும்பாலும் யூத, இத்தாலியப் பொண்ணுங்க.

என் முதல் சூப்பர்வைசரும் அப்படி ஒரு யூதத் தையல்காரியோட பேத்தி. "அந்தம்மா கத்தும், பார்த்து நடந்துக்கோ"ன்னு நம்ம ஆளுங்கதான் பயமுறுத்தினாங்க. புதுசா வந்தவ ஓவர்டைம் எழுதினா வேலை போயிடும்னு சொன்னதும் அதே நம்ம ஆளுங்கதான். என் டைம்ஷீட்டைப் பார்த்த அந்தம்மா, காலியா இருந்த ஓவர்டைம் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால சுழிச்சு, "இதை ஏன் சும்மா குடுக்கிறே?"ன்னு லேப் முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினாங்க. ஆமா, கத்தினாங்கதான். அடுத்த சம்பளத்துல காசு வந்தது.

லஞ்ச்ல யாராவது அந்த 'இளவரசி' ஜோக் சொன்னா நீ கூடச் சிரிச்சுவைக்காதே. "உங்க ஆளுங்க காசுல கெட்டி"ன்னு பாராட்டா சொல்றேன்னு நினைச்சுச் சொல்லிடாதே, எச்.ஆர். வரைக்கும் போகும். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன்ல வர்ற இந்தியக் கடைக்காரர் அபு மாதிரிப் பேசிக் காட்டி என் பையனை ஸ்கூல்ல ஓட்டினப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது, அவங்களுக்கு எரியாதா?

வாடகைன்னு கேட்டேல்ல. யூதங்க கஞ்சம்னு எனக்குப் பாடம் எடுத்த நம்ம ஊர் அண்ணாச்சிதான், ஜன்னலில்லாத பேஸ்மென்ட்டுக்கு ரசீதே தராம மாசாமாசம் ரொக்கமா வாங்கினவர். நீ லீஸ் எழுதி வாங்கு, செக்காக் குடு.