அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வயது 39. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை. கத்தோலிக்கராகப் போகிறேன் என்றால் "பொண்ணு யாரு?" என்றுதான் கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்கிறேன்: அப்படி யாரும் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு வயதான தம்பதி, அப்பாவின் கையையும் பிடித்துக்கொண்டு ஜெபித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பங்குக் கோவிலில், கத்தோலிக்கராக விரும்பும் பெரியவர்களுக்கான ஆர்சிஐஏ வகுப்பில் படிக்கிறேன். வரும் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம்.

மனசு தெளிவாகத்தான் இருக்கிறது, உடம்புதான் கேட்கமாட்டேன் என்கிறது. சிலுவை போடும்போது எந்தத் தோள் முதலில் என்று கை தடுமாறுகிறது. எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போனதும், ஞானஸ்நானம் பெறாத நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு படபடக்கும், அப்படியே எழுந்து வெளியே வந்துவிடுவேன். ஈஸ்டர் இரவில் அத்தனை பேர் முன்னால் குரலே வராமல் போனால்? இத்தனை வருஷக் கதையையும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லவேண்டுமே என்ற கலக்கம் வேறு.

வகுப்பில் தேவசகாயம் பிள்ளை கதையைச் சொன்னார்கள். அவர் விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தார். எனக்கோ அம்மாவிடம் பேசவே வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அம்மா ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தைப்பூசம் வருகிறது, "பால்குடத்துக்குப் பேர் குடுத்துட்டியா?" என்று தினமும் கேட்கிறார். விஷயம் தெரிந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: "அப்ப எனக்குக் கொள்ளி யாருடா வைப்பா?"

இந்த நடுக்கம், நான் போவது தப்பான வழி என்பதற்கு அடையாளமா?

பெயர் வேண்டாம், ஈசூன்

அன்புள்ள தம்பிக்கு,

நான் எந்த மதத்துக்கும் ஆள் சேர்ப்பவள் இல்லை, தடுப்பவளும் இல்லை. போவது சரியான வழிதானா என்பதை நீங்களும் உங்கள் பங்குத்தந்தையும் பேசி முடிவு செய்யுங்கள். நடுக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நாளைக்கு அம்மாவே "போய்ட்டு வாப்பா, நானும் வரேன்" என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நெஞ்சு இப்படிப் படபடக்குமா? உங்கள் கடிதத்தைப் படித்தால், முக்கால்வாசி அடங்கிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சடங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் பேனா அழுத்தமாக ஓடுவது அம்மாவிடம் வரும்போதுதான். அம்மா வந்தாலும் பயம் குறையாது என்று உள்மனசு சொன்னால் விஷயம் வேறு. அப்போது ஈஸ்டரைத் தள்ளிப்போடுவதில் வெட்கமே இல்லை. தயாராகவில்லை என்று சொல்பவரைக் காத்திருக்க விடுவார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது திருச்சபையின் சட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் சின்னப் பயங்களை முடித்துவிடுவோம். ஞானஸ்நானம் பெறாதவர் அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை. அதுவரை செய்த பாவமெல்லாம் ஞானஸ்நானத்திலேயே மன்னிக்கப்படுகிறது என்பது அவர்கள் போதனை. பாவசங்கீர்த்தனம் அதற்குப் பிறகு வருவது. ஈஸ்டர் இரவில் நீங்கள் பிரசங்கம் செய்யப்போவதில்லை. குருவானவர் கேட்கும் கேள்விகளுக்கு "விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்ற அளவில்தான் பதில். பக்கத்தில் ஞானத்தந்தை நிற்பார், தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். குரல் கம்மினால் கம்மட்டும். அந்த ராத்திரியில் அழுபவர்களே நிறைய.

பூசையின் நடுவே எழுந்து வருவதைத்தான் நிறுத்தவேண்டும். வெளியே வந்ததும் மூச்சு சீராகிறது இல்லையா? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. "தப்பித்தோம்" என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது, அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமாகவே விரட்டுகிறது. கூட்டம் குறைவான வார நாள் பூசைக்குப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்காருங்கள். படபடப்பு வந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக விடுங்கள். அது தானாக ஏறித் தானாக இறங்கும், இறங்கும்வரை இருந்து பாருங்கள். நற்கருணை நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் ஆசீர்வாதம் கொடுப்பார்கள். இங்கே பல கோவில்களில் இது வழக்கம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

தேவசகாயம் பிள்ளையோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். 1745இல் ஞானஸ்நானம் பெற்றவர், 1752இல்தான் கொல்லப்பட்டார். இடையில் 7 வருஷம் இருக்கிறது. அதில் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ, யார் கண்டது. 2022இல் புனிதர் பட்டம் வாங்கியவரைப் பக்கத்தில் நிறுத்தினால் யாருமே கோழையாகத்தான் தெரிவார்கள். நீங்கள் படிக்கும் நற்செய்தியிலேயே, ஒலிவ மலையில் இயேசுவின் வியர்வை இரத்தத் துளிபோல் விழுந்தது என்று லூக்கா எழுதவில்லையா? நடுக்கம் அடையாளம் என்றால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

இனி அம்மா.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மகன் மதம் மாறியதை ஒரு தாய் என்றாவது தாங்கிக்கொள்வார். ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்குக் கடைசியில் தெரிந்தது என்பது ஆறவே ஆறாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதன் முதல் ஞாயிறை ஒட்டி, ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களைப் பேராயர் முன்னிலையில் ஏற்கும் தெரிந்தெடுப்புச் சடங்கு நடக்கும், அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகப் போகும். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். மாமாவையோ சித்தியையோ தூது விடாதீர்கள். சாப்பாடு முடிந்து, டிவி அணைந்த பிறகு, நீங்களே சொல்லுங்கள். அப்பாவின் கையைப் பிடித்து ஜெபித்தவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். அந்தத் தம்பதியை அம்மாவும் பார்த்திருப்பார் அல்லவா? நம் சாமி பொய் என்றோ, அந்தச் சாமிதான் உசத்தி என்றோ ஒரு வார்த்தை வரக்கூடாது. அம்மா அழுதால் அழட்டும். அன்றைக்கே சம்மதம் வாங்கியாகவேண்டும் என்று உட்காராதீர்கள்.

கொள்ளிக் கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பதிலில்லாமல் போய் உட்காராதீர்கள், அந்த நேரத்துச் சமாதானத்துக்காக எதையாவது வாக்குக் கொடுத்துவிட்டும் வராதீர்கள். முன்கூட்டியே பங்குத்தந்தையைப் பார்த்து, "அம்மா இந்து, நான் ஒரே பிள்ளை, மண்டாய் தகனச்சாலையில் நான் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யமுடியாது?" என்று ஒளிவில்லாமல் கேளுங்கள். தகனத்தையே திருச்சபை 1963இலிருந்து அனுமதிக்கிறது. தாய் தந்தையை மதிப்பது அவர்களுடைய பத்துக் கட்டளையில் ஒன்று. குடும்பத்தில் ஒருவர் மட்டும் கத்தோலிக்கராக இருக்கும் வீடுகள் சிங்கப்பூரில் ஏராளம், சீனர் வீடுகளில் இன்னும் அதிகம். ஊதுவத்தி பிடிக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்குள்ள குருக்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தால், "கடைசி வரைக்கும் உங்க பக்கத்துல நான்தாம்மா நிப்பேன்" என்று பொய் கலக்காமல் சொல்லமுடியும். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பால்குடத்துக்குப் பேர் கொடுக்காதீர்கள். மனசில்லாமல் எடுத்தால் முருகனுக்கும் மரியாதையில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து போங்கள். பெற்றவளுக்குத் துணையாக நடப்பது வழிபாடு ஆகிவிடாது. உறுத்தலாக இருந்தால் இதையும் ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும், கோவிலில் மட்டுமில்லாமல் வேலையிடத்திலும் எம்ஆர்டியிலும் படபடப்பு வந்தால், தூக்கம் கெட்டால், பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பாருங்கள். அங்கிருந்தே மனநல ஆலோசனைக்கு அனுப்புவார்கள்.