அக்ரிலிக், பிவிசி வளைப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை ஹீட் கன்னால் வளைத்தேன். மடிப்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ். ஏன்?

பதில்: சூடு அதிகம், அதுவும் ஒரே இடத்தில். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். நன்றாக வளைய 150 முதல் 170 வரை வேண்டும். ஹீட் கன் வாயிலிருந்து வரும் காற்றோ 400 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மேல்பரப்பு கொதித்துவிடும், நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும். ஷீட் காற்றிலிருந்து ஈரத்தை வேறு உறிஞ்சி வைத்திருக்கும். அதுவும் ஆவியாகிக் குமிழாகும்.

நேர்கோட்டு மடிப்புக்கு நிக்ரோம் கம்பி (மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் கம்பி) வைத்த ஸ்ட்ரிப் ஹீட்டர்தான் சரி. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டு, மடிப்புக் கோட்டைக் கம்பிக்கு நேர் மேலே, கம்பியில் படாமல் வையுங்கள். அடிக்கடி புரட்டிக் கொடுங்கள். ஷீட் தன் எடையிலேயே தொய்ந்தால் பதம் வந்துவிட்டது. பலம் கொடுத்து மடிக்க வேண்டியிருந்தால் இன்னும் சூடு ஏறவில்லை. அப்படி வலிந்து மடித்த இடம், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். மடித்தபின் கட்டையோடு அழுத்திப் பிடித்துத் தானாக ஆறவிடுங்கள். ஈரத்துணி போடாதீர்கள்.

கேள்வி: நிக்ரோம் கம்பியை நேராக வீட்டுப் பிளக்கில் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மூடாத கம்பியில் 230 வோல்ட் என்றால் கை பட்டாலே உயிர் போகலாம். 12 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ஃபியூஸும் போடுங்கள்.

கேள்வி: பாலிகார்பனேட்டும் இதே முறைதானா?

பதில்: இல்லை. முதலில் 120 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் குமிழ்தான். மெல்லிய ஷீட் என்றால் சூடே இல்லாமல், தகரம் மடிக்கும் மெஷினில் மடித்துவிடலாம்.

கேள்வி: பிவிசி பைப் நசுங்காமல் வளைய?

பதில்: நன்றாகக் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி இரண்டு முனையையும் அடையுங்கள். மணலில் ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைப் பிடுங்கி எறியும். பைப்பை உருட்டிக்கொண்டே ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்துச் சூடாக்குங்கள். 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நெருப்பில் காட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் பிளம்பர் பேப்பரைக் கொளுத்தி அதில் காட்டித்தான் வளைக்கிறார். ஒன்றும் ஆகவில்லையே, சும்மா பயமுறுத்துகிறீர்களா?

பதில்: அவர் கைப்பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் வெட்டவெளியில் நின்று செய்கிறார். நீங்கள் ஜன்னல் சாத்திய அறையில் செய்யப் போகிறீர்கள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் அரிக்கும். பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமான்கூடத் துருப்பிடிக்கும்.

கேள்வி: சரி, வெளியில் வைத்துச் செய்தால் நெருப்பு பரவாயில்லைதானே? ஒரு எல்போ (பைப்பைத் திருப்ப மாட்டும் வளைந்த இணைப்பு) காசு மிச்சம்.

பதில்: புகை குறையும், பைப் பிழைக்காது. நெருப்பு ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் விறைப்பாக விடும். வளைவின் வெளிப்பக்கச் சுவர் இழுபட்டு மெலிந்துபோகும். மழைத்தண்ணீர் வடியும் பைப் என்றால் தாங்கும். மோட்டார் அழுத்தம் தினமும் இடிக்கும் லைனில் அந்த மெலிந்த இடம்தான் முதலில் வெடிக்கும். சுவருக்குள் புதைத்த லைன் என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். அழுத்தம் வரும் லைனில் ஹீட் கன்னால்கூட வளைக்க வேண்டாம், எல்போ போடுங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பில் காட்டினால்?

பதில்: அதுவும் நெருப்புதான். கூடாது.

கேள்வி: மெழுகுவத்தி?

பதில்: மேலே இருக்கும் இரண்டு பதில்களையும் படியுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டரின் உடைந்த பேனலை ஒட்ட முடியுமா?

பதில்: அது பிளாஸ்டிக் வெல்டிங் வேலை. அதைச் செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சமையலறை ஓவனில் அக்ரிலிக்கைச் சூடாக்கலாமா?

பதில்: சாப்பாடு செய்யும் ஓவனில் வேண்டாம். பழைய ஓவனை இதற்கென்றே ஒதுக்குங்கள். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள், திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.