மின்சுற்றுப் பலகைத் துளையில் அடைத்த சால்டரை எப்படி எடுப்பது?

பழைய மின்தேக்கியைக் கழற்றிய பின் துளை சால்டரால் (பாகங்களைப் பலகையோடு பற்றவைக்கும் உலோகக் கலவை) அடைபட்டிருக்கிறது, ஊசியால் குத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குத்த வேண்டாம். இருபுறமும் தடங்கள் (மின்சாரம் செல்லும் செம்புக் கோடுகள்) உள்ள பலகையில் துளையின் உட்சுவரிலும் மெல்லிய செம்புப் பூச்சு இருப்பதால், இறுகிய சால்டரைக் குத்தித் தள்ளினால் அதுவும் பெயர்ந்து, மேல்தடத்துக்கும் கீழ்த்தடத்துக்கும் உள்ள இணைப்பே அறுந்துவிடக்கூடும்.

முதலில் ஃப்ளக்ஸ் (உருகிய சால்டர் நன்றாகப் பரவ உதவும் பொருள்) தடவிக் காரீயம் கலந்த புதிய சால்டரைச் சிறிது சேருங்கள். எடுக்க வந்த இடத்தில் மேலும் சேர்ப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பரவலாகப் பயன்படும் காரீயமில்லாத வகை சுமார் 217 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும், 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்டதோ 183 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், இரண்டும் கலக்கும்போது வேலை எளிதாகிறது. முழுவதும் உருகியதும், ஒரு பக்கம் அயர்னை (சால்டரை உருக்கும் சூட்டுக்கோல்) வைத்தபடியே மறுபக்கத்திலிருந்து உறிஞ்சும் பம்பை இயக்குங்கள். சில நொடிகளில் உருகாவிட்டால், அழுத்தாமல் அயர்னை எடுத்துப் பலகையை ஆறவிடுங்கள். நீண்ட சூட்டில் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் பலகையை விட்டுக் கழன்றுவிடும்.

கிரவுண்ட் (மின்சுற்றின் பொது இணைப்பு) துளைகள்தான் பிடிவாதமானவை. அகன்ற செம்புப் பரப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், அங்கே கூர்முனையை விட அகன்ற முனையே உதவும். மேற்பரப்பில் எஞ்சியதை, உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல் எடுத்துவிடும்.

உருகிய துளி தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணாதீர்கள்.