தொழிற்சாலை நர்ஸ் வேலையில் சம்பளம் உயருமா?

நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் இருக்கும் உங்கள் தங்கை தொழிற்சாலை நர்ஸ் ஆகலாமா என்று கேட்டீர்கள். ஆகலாம், ஆனால் வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பது கஷ்டம். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில்தான் நர்சோடு ஆம்புலன்ஸ் அறை (ஆலைக்குள்ளேயே இருக்கும் சிகிச்சை அறை) சட்டப்படி கட்டாயம். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவை குறைவு. ஓசூர், ஓரகடம் போக வேண்டியிருக்கும்.

அங்கே பெரும்பாலும் ஷிப்டுக்கு ஒரே நர்ஸ். மேலே ஏறப் படியே இருக்காது. காது கேட்கும் திறன், நுரையீரல் பரிசோதனைகளைக் கற்றுக்கொண்டால் சம்பளம் பேச முடியும். பேசிய சம்பளத்தைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள், இது ரொம்ப முக்கியம்.

அப்புறம், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டு அமைப்பான மத்திய இ.எஸ்.ஐ. கழகத்தின் நர்ஸ் வேலைத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். நர்சிங் ஆபீசருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பதவி உயர்வும் உண்டு.